தம்பித்துரை அழித்த காட்டேரி

சுவிற்சர்லாந்தின் ஓல்டன் நகரில் தம்பித்துரையைத் தெரியாத தமிழர் குறைவு. ஊருக்கு வெளியே ஒரு பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கோயில் அன்னதானம் என்றால் மரக்கறி வெட்டுவதிலிருந்து கடைசிக் கிடாரம் கழுவுவது வரை கூட நிற்பார். யாரோடும் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. அறுபது வயதாகியும் தலை குனியும்படி ஒன்றும் செய்யவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தார். போன வசந்தத்தில் அது போயிற்று. அதைப் போக்கியதும் அவரேதான்.

அவர் சுவிசுக்கு வந்தது எண்பத்தொன்பதில், யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்திலிருந்து. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்கு முன்னமே டாவோஸ் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவப் போய்விட்டார். குசினி நிலத்துக்குக் கீழே. மாரிக்குளிரில் வெளிச்சம் வருமுன் இறங்கினால் இருட்டிய பின்தான் மேலே வரலாம். சுடுநீரில் கை வெந்து தோல் உரியும். தொண்ணூற்றைந்தில் கலியாணம் முடித்துப் பரமேஸ்வரி வந்து சேர்ந்தார். அதே ஹோட்டலில் அவருக்கு அறை துப்புரவு செய்யும் வேலை கிடைத்தது.

தம்பித்துரைக்கு அந்தக் கட்டடத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. பரமேஸ்வரிக்கோ அதில் ஏதோ ஒரு மயக்கம். ஹோட்டலாக மாறுவதற்கு முன் அது கசநோய்க்காரருக்கான மருத்துவமனை. மேல்மாடி நடைவழிச் சுவர்களில் பழைய படங்கள் தொங்கின. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் பெண்கள், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையோடு, பல்கனிகளில் வரிசையாகச் சாய்கதிரைகளில் படுத்திருந்தார்கள். நாடிவரை கம்பளி. சுற்றிவரப் பனி. துப்புரவுப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த கடூஃப் என்ற வயதான சுவிஸ் அம்மா பரமேஸ்வரியைத் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதை சொல்வார். குளிர்காற்றைக் குடித்தால் நெஞ்சு சுகமாகும் என்று நம்பி அவர்கள் வந்தார்களாம். இறந்தவர்களை, மற்றவர்கள் சாப்பாட்டு மண்டபத்தில் இருக்கும் நேரம் பார்த்துப் பின்படிக்கட்டால் இறக்குவார்களாம். அடுத்தநாள் யாருடைய கதிரை வெறுமையாக இருக்கிறதென்று எல்லோரும் பார்ப்பார்களாம், ஒருவரும் கேட்கமாட்டார்களாம்.

இதைப் பரமேஸ்வரி ஒருநாள் ஆசையோடு புருஷனிடம் வந்து சொன்னார்.

"செத்த வெள்ளைக்காரியளின்ரை கதை எங்களுக்கு என்னத்துக்கு?" என்றார் தம்பித்துரை. "எங்கடை சனத்தின்ரை சாவே கேட்டு முடியேல்லை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அதன்பிறகு பரமேஸ்வரி அவரிடம் எந்தக் கதையும் சொல்லவில்லை.

மகள் வேணுகா பள்ளிக்கூடம் போகும் வயதில் ஓல்டனுக்கு இடம் மாறினார்கள். பரமேஸ்வரி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் சேர்ந்தார். வேணுகா வளர்ந்து, இயன்முறை மருத்துவம் படித்து, பேர்ணில் தனியாக இருக்கத் தொடங்கினாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும். பின்னேரங்களில் தம்பித்துரை சோபாவில் இருந்து செய்தி பார்ப்பார். பக்கத்தில் பரமேஸ்வரி மடியில் டேப்லெட்டை வைத்து விரலால் தட்டிக்கொண்டிருப்பார். சமையல் குறிப்போ, சொந்தக்காரரின் படங்களோ பார்க்கிறார் என்று தம்பித்துரை நினைத்தார். நினைத்தார் என்பதுகூடச் சரியில்லை. அதைப்பற்றி அவர் யோசித்ததே இல்லை.

போன வசந்தத்தில் ஒரு கலியாண வரவேற்புக்குப் போயிருந்தார்கள். தம்பித்துரை தன் வயதுக்காரரோடு ஒரு மேசையில் இருந்தார். அகதி முகாம் காலத்திலிருந்தே கூட்டாளியான ராசா எதிரில். சாப்பாடு வரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. ராசா கைபேசியைப் பார்த்துவிட்டு ஒருமாதிரிச் சிரித்தார்.

"தம்பித்துரை, எங்கை, உந்தக் கழுத்தை ஒருக்காக் காட்டும் பாப்பம்."

"ஏன்?"

"கடிச்ச அடையாளம் ஏதும் இருக்கோ எண்டு பாக்க."

மேசை முழுவதும் சிரித்தது. பக்கத்திலிருந்தவர் தம்பித்துரையின் கழுத்து ரையை இழுத்துத் தளர்த்தியும் விட்டார். விளங்காமல் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்போதுதான் ராசா கைபேசியைத் திருப்பிக் காட்டினார். தமிழில் தொடர்கதை வெளியிடும் ஓர் இணையத்தளம். வாசகர்கள் இந்த வருடம் அதிகம் விரும்பிய எழுத்தாளர் 'கருநொச்சி' என்று போட்டு, அதற்குக் கீழே அவருடைய சொந்தப் பெயரையும் யாரோ கவனமில்லாமல் போட்டுவிட்டிருந்தார்கள். பரமேஸ்வரி தம்பித்துரை, சுவிற்சர்லாந்து. கதையின் பெயர் 'வெயில் காணாதவன்'. ஆயிரத்து எண்ணூறுகளின் டாவோஸ், எடித் என்ற கசநோய் பிடித்த ஆங்கிலேய விதவை, அவளுடைய பல்கனிக்கு இரவில் வரும் காஸ்பர் என்ற இரத்தக்காட்டேரி.

"கேளுங்கோ, கேளுங்கோ" என்று ராசா பிரசங்கக் குரலில் வாசித்தார். "'அவளுடைய கழுத்துப்பட்டியின் முத்துப் பொத்தான்களை அவன் ஒவ்வொன்றாகக் கழற்றினான். அவன் உதடுகள் பனியைவிடக் குளிர்ந்திருந்தன. வலிக்குமா என்றாள். வாழ்வதைவிடக் குறைவாகத்தான் என்றான்.'"

மேசை குலுங்கியது. ஒருவருக்குப் புரைக்கேறிவிட்டது.

தம்பித்துரை நிமிர்ந்து மண்டபத்தின் மறுபக்கம் பார்த்தார். பெண்களின் மேசையிலும் கைபேசிகள் கைமாறிக்கொண்டிருந்தன. பரமேஸ்வரி முன்னாலிருந்த வெறுங்கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தலையை உயர்த்தி, அத்தனை பேருக்கும் நடுவில் புருஷனைத் தேடினார். கண்கள் சந்தித்தன. தம்பித்துரை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

காரில் இருவரும் கதைக்கவில்லை. வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே அவர் கேட்டார்.

"நீர் எழுதினதோ?"

"ஓம்."

"ஏன்?"

"எழுத விருப்பமா இருந்தது."

"அவன் ஆர்?"

"எவன்?"

"அந்தக் காஸ்பர்."

"காட்டேரி."

"காட்டேரி எண்டு எனக்கும் தெரியும்!" அவர் குரல் உயர்ந்தது. "நாளைக்கு வேணுகாவுக்குக் கலியாணம் பேசேக்கை சனம் என்ன சொல்லும்? தாய் உப்பிடி எழுதிறவ எண்டு..."

"வேணுகாவுக்குத் தெரியும். துவக்கத்திலையிருந்து வாசிக்கிறவள்."

வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியாது என்பது அப்போதுதான் தம்பித்துரைக்கு விளங்கியது. கலியாண மண்டபத்துச் சிரிப்பைவிட அது அவரைச் சுட்டது.

அடுத்தநாள் அவருக்கு வேலையில்லை. பரமேஸ்வரி காலையிலேயே முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். டேப்லெட் சோபாவில் கிடந்தது. எடுத்துத் தட்டினார், பூட்டு ஒன்றும் இல்லை. தளத்தில் மனைவியின் பக்கம் திறந்தபடியே இருந்தது. ராசா வாசித்த அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து ஒரு பக்கம் மட்டும் வாசித்தார். காது சூடாகியது. அதற்கு மேல் வாசிக்கத் தைரியம் வரவில்லை. 'கதையை அழி' என்று ஓரிடத்தில் இருந்தது. அழுத்தினார். நிச்சயமாக அழிக்கவா, மீட்க முடியாது என்று கேட்டது. கறை பட்ட பாத்திரத்தைத் தேய்க்கிறவர் போல, ஒன்றையும் யோசிக்காமல், ஆம் என்பதில் விரலை வைத்தார்.

பின்னேரம் பரமேஸ்வரி வந்தபோது அவர் பல்கனியில் தக்காளிக் கன்றுகளுக்குத் தடி கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் கழித்துப் பரமேஸ்வரி கதவடிக்கு வந்தார்.

"கதையைக் காணேல்லை."

"நான்தான் எடுத்தனான்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாம்."

பரமேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் வேறை ஒரு இடத்திலையும் வைக்கேல்லை" என்றார். "அதிலையேதான் எழுதினனான். முடிவு மட்டும்தான் மிச்சம் இருந்தது."

பிறகு உள்ளே போய் அரிசி கழுவினார்.

சண்டை பிடித்திருந்தால் தம்பித்துரைக்குச் சுகமாக இருந்திருக்கும். பதில் சொல்ல அவரிடம் நியாயங்கள் இருந்தன. பரமேஸ்வரி அவற்றுக்கு இடம் தரவில்லை. சமைத்தார், வேலைக்குப் போனார், கேட்டதற்குப் பதில் சொன்னார். பின்னேரங்களில் வழக்கம்போல வந்து சோபாவில் இருந்தார். இப்போது அவரும் செய்தி பார்த்தார். மடியில் இரண்டு கைகளும் சும்மா கிடந்தன. உள்ளங்கை மேலே பார்த்தபடி, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. இத்தனை வருடமாகப் பக்கத்தில் அசைந்துகொண்டிருந்த அந்தக் கைகளை ஒருதரமும் பார்க்காத தம்பித்துரை, அவை அசையாமல் கிடக்கும்போது பார்க்காமல் இருக்க முடியாமல் தவித்தார்.

கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை ராசா அவரைத் தேடி வந்து முதுகில் தட்டினார்.

"கேள்விப்பட்டன். முழுசா எடுத்துப்போட்டீராம். ஆம்பிளை எண்டால் அப்பிடித்தான் இருக்கோணும்."

தம்பித்துரை பிடித்திருந்த சாம்பார் வாளி கனத்தது. இந்த மனிதனிடம் ஒரு சபாஷ் வாங்கத்தான் தான் அந்தக் காரியத்தைச் செய்தது என்று அவருக்குப் பட்டது. மண்டபத்தில் கூத்தாக வாசித்துச் சிரிக்க வைத்ததும் இதே வாய். அன்று பந்தியில் யாருக்குச் சாம்பார் விட்டார், யாரை விட்டுவிட்டார் என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போக மனமில்லாமல் காரில் இருந்தபடியே மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தளத்துக்கு எழுதிக் கேட்டால் திருப்பித் தருவினமோ, பிள்ளை?"

"கேட்டுப் பாத்திட்டன். ஏலாதாம்." வேணுகாவின் குரல் தட்டையாக இருந்தது. "அப்பா, நீங்கள் அதை வாசிச்சனீங்களோ?"

"ஒரு பக்கம்."

"ஒரு பக்கம்." அவர் சொன்னதையே அவள் திருப்பிச் சொன்னாள். "அம்மா எத்தினை வருசமா எழுதினவ தெரியுமோ? உங்களுக்குப் பக்கத்திலை இருந்துதான் எழுதினவ. எனக்கு வெக்கமா இருக்கு அப்பா. அம்மாவை நினைச்சில்லை."

தொலைபேசியை வைத்துவிடுவாள் என்று தம்பித்துரை நினைத்தார். அவள் வைக்கவில்லை. நொஷாட்டல் நகரில் மதுஜா என்று ஒரு வாசகி இருப்பதாகவும், அத்தியாயங்களை எல்லாம் தான் அச்செடுத்து வைத்திருப்பதாக அவள் ஒருமுறை அம்மாவுக்கு எழுதியதாகவும் சொன்னாள். "நான் இலக்கம் தாறன். ஆனால் அம்மாவும் கேக்கமாட்டா, நானும் கேக்கமாட்டன். நீங்கள் கேளுங்கோ."

அடுத்த சனிக்கிழமை தம்பித்துரை நொஷாட்டலுக்கு ரயில் ஏறினார். பிரெஞ்சு பேசும் பக்கத்துக்கு அவர் போவது அரிது. ஸ்டேஷனில் இறங்கி, வாயில் வராத தெருப் பெயரைக் கைபேசியில் காட்டிக் காட்டி வழி கேட்டு, மேட்டில் இருந்த ஒரு வீட்டுக்கு வேர்த்துப்போய்ச் சேர்ந்தார்.

மதுஜாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மருந்தகம் ஒன்றில் வேலை. இப்போதுதான் முளைக்கத் தொடங்கியது போலத் தலைமயிர் கட்டையாக இருந்தது. அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ அங்கிள். கருநொச்சி அன்ரியின்ரை ஹஸ்பன்ட் என்ரை வீட்டை வந்திருக்கிறார் எண்டு நம்ப ஏலாமல் கிடக்கு. என்ன நடந்தது? கதை திடீரெண்டு காணாமல் போட்டுது."

வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லவென்றுதான் அவர் ஒத்திகை பார்த்திருந்தார். "தளத்திலை ஏதோ கோளாறாம்" என்று வாய் சொன்னது.

மதுஜா நம்பிவிட்டாள். தேநீரும் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு தடித்த கோப்புறையைத் தூக்கி வந்து மேசையில் வைத்து, அதன் மேலே கையை வைத்தபடி பேசினாள். இரத்தப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கைபேசி வெளிச்சம் கண்ணுக்கு ஆகாமல், அக்காவிடம் சொல்லி அச்செடுத்து வாசித்தாளாம்.

"எல்லாரும் என்னோடை எட்ட நிண்டுதான் கதைச்சவை, அங்கிள். அன்பாத்தான். ஆனால் எட்ட நிண்டு. இந்தக் கதையிலை எடித் இருமி இரத்தம் துப்பின லேஞ்சித்துணியைக் காஸ்பர் கையை நீட்டிக் கேட்டு வாங்குவான். நினைவிருக்கே? அவள் ஒளிக்கப் பாப்பாள். உம்மட்டை எனக்கு அருவருப்பான சாமான் ஒண்டுமில்லை எண்டு சொல்லுவான். அந்த இடத்தை எத்தினை தரம் வாசிச்சிருப்பன் எண்டு தெரியாது."

"ஓம், ஓம்" என்றார் தம்பித்துரை. அந்த இடம் எங்கே வருகிறதென்று அவருக்குத் தெரியாது.

"மனுசியின்ரை கதைக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். உண்மையைச் சொல்லுங்கோ, அந்தக் காஸ்பர் நீங்கள்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

தம்பித்துரை இல்லை என்று தலையாட்டினார். அதை அவள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். வாசல்வரை வந்து, கதையைத் தேடி வந்ததற்கு நன்றி சொல்லி, கோப்புறையை ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கொடுத்து, மழை வந்தால் நனையாமல் இருக்க மேலே பொலித்தீனும் சுற்றிவிட்டாள்.

ரயிலில் அவர் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினார். பக்கத்தில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும் தாளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பீல் வாவியும் திராட்சைத் தோட்டங்களும் யன்னலில் போனதை அவர் காணவில்லை. கதைக்குள், மூடின சவப்பெட்டிகளைப் பின்படிக்கட்டால் இறக்கினார்கள். எடித் சாப்பாட்டு மண்டபத்தில் கரண்டியைச் சத்தமாக வைத்து, பெட்டி இறங்கும் சத்தத்தை மறைத்தாள். காஸ்பர் பனியில் நடந்து வந்தான், அவனுக்குப் பின்னால் காலடித்தடம் இல்லை. லேஞ்சி வந்தது. முத்துப் பொத்தான்கள் வந்தன. கலியாண மண்டபத்தில் கூத்தாகக் கேட்ட அதே வரிகள், முன்னும் பின்னும் இருந்ததோடு சேர்த்து வாசிக்க, சாகப் போகிற ஒருத்தி கடைசியாகத் தன்னை ஒருவர் தொட விடுகிற இடமாக இருந்தன. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

நடுவில் ஓரிடம். இரவில் தாகத்தோடு எடித் படியிறங்கி நிலத்தடிக் குசினிக்குப் போகிறாள். அங்கே வேற்றுநாட்டவன் ஒருவன் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறான். கை வெந்து சிவந்திருக்கிறது. அவள் தண்ணீர் கேட்கிறாள். தான் கண்ட கனவு ஒன்றைச் சொல்லவும் தொடங்குகிறாள். 'குசினி பூட்டியாயிற்று' என்கிறான் அவன். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவனுக்குக் கதையில் பெயர் இல்லை.

தம்பித்துரை அந்தத் தாளைத் திருப்பாமல் வைத்திருந்தார். நிமிர்ந்தபோது ரயில் ஓல்டனைத் தாண்டி ஆரவ் ஸ்டேஷனில் நின்றது. இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்குக் காத்திருந்தார். முகத்தை யாராவது பார்க்கிறார்களோ என்று பயமாக இருந்தது.

வீட்டில் பரமேஸ்வரி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். தம்பித்துரை துணிப்பையைக் கட்டிலில் வைத்தார். பரமேஸ்வரி பொலித்தீனை அவிழ்த்து, முதல் தாளைப் பார்த்து, அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். விரலால் ஓரங்களைத் தடவினார்.

"மதுஜாவிட்டைப் போனனீங்களோ?"

"ஓம். ரயிலிலை வாசிச்சன்." அவர் நின்றபடியே இருந்தார். "அந்தக் கோப்பை கழுவிறவன் நானோ?"

பரமேஸ்வரி தாள்களை அடுக்கி நேராக்கினார். "ஓம்" என்றார் பிறகு. "பின்னுக்கு அவனுக்கு இன்னொரு அத்தியாயம் வைக்கலாம் எண்டு நினைச்சிருந்தனான்."

"காஸ்பர்?"

"அவன் ஒருத்தருமில்லை. நானா உண்டாக்கினனான்." அதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் உரிமை இருந்தது. "மதுஜாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

தம்பித்துரை சொன்னார். கோளாறு என்று சொன்னதையும், அவள் தந்த தேநீரையும், தன்னைக் காஸ்பர் என்று நினைத்ததையும். சொல்லச் சொல்லக் கழுத்தில் வேர்த்தது.

"என்னட்டை மன்னிப்புக் கேக்க வேண்டாம்" என்றார் பரமேஸ்வரி. "எனக்கு இன்னும் கோவம் போகேல்லை. எப்ப போகும் எண்டும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளையை ஏமாத்தி வாங்கினதை நான் வைச்சிருக்கமாட்டன். போன் எடுத்துச் சொல்லுங்கோ. இப்பவே."

அவர் அங்கேயே நின்று தொலைபேசி எடுத்தார். பரமேஸ்வரி எழுந்து போகவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நான் ஓல்டன் தம்பித்துரை. தளத்திலை கோளாறு ஒண்டுமில்லை. நான்தான் அழிச்சனான். சனம் சிரிச்சதெண்டு வெக்கப்பட்டு அழிச்சனான். வாசிக்காமல் அழிச்சனான்."

"அப்ப நான் உங்களுக்கு நன்றி சொன்னது?" என்றாள் மதுஜா.

"அதையும் வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

"அன்ரியிட்டைக் குடுங்கோ" என்றாள்.

பரமேஸ்வரி கைபேசியை வாங்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனார். அவர்கள் கதைத்து முடியும்வரை தம்பித்துரை கட்டிலில் கிடந்த உடுப்புகளை மடித்தார்.

அதன்பிறகு பரமேஸ்வரி கோடை முழுவதும் இருந்து கதையைத் திரும்பத் தட்டினார். இந்தமுறை சாப்பாட்டு மேசையில், தன் சொந்தப் பெயரில். வேணுகா சனி ஞாயிறுகளில் வந்து உதவினாள். மதுஜாவும் மாதத்தில் ஒருநாள் நொஷாட்டலிலிருந்து வருவாள். ராசா ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் முழுக்க வாசிச்சன் அண்ணை. நீங்கள் வாசிச்சிட்டுக் கதையுங்கோ" என்று தம்பித்துரை சொல்லிவிட்டார். அது அவருக்குப் பெரிய வீரமாகத் தோன்றவில்லை. அந்த மண்டபத்தில் சொல்லியிருக்க வேண்டியது.

மதுஜா வரும் நாட்களில் கதவைத் திறப்பவர் அவர்தான். கோட்டை வாங்கி மாட்டுவார். பெண்கள் மூவரும் மேசையில் எடித்தைச் சாக விடுவதா காட்டேரியாக்குவதா என்று வாதாடும்போது அவர் குசினியில் நின்று தேநீர் ஊற்றுவார். அவருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோப்பையை முன்னால் வைக்கும்போது மதுஜா நிமிர்ந்து பார்ப்பாள். மற்றவர்களோடு அவ்வளவு நேரமும் தமிழில் சிரித்துக் கதைத்தவள், அவரிடம் மட்டும் பிரெஞ்சில் "மெர்சி, முசியே" என்று, கடைக்காரருக்கு நன்றி சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தாள்களுக்குத் திரும்புவாள்.

இது குறைந்த தண்டனைதான் என்று தம்பித்துரை நினைக்கிறார்.